நாயகம் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் என்னைத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டது. முந்தைய நாள் மாலை எழும்பூரில் ஏறியதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ‘ஏம்லே நீ வரல?’ அவ்வளவுதான் கேள்வி. அதைக் கேட்பதற்காகத்தான் இந்தப் பயணம். பதில் சரியாக இல்லையென்றால் இதுவே கடைசி என்றும் முடிவு செய்திருந்தேன்.

கேள்வி நெல்லைநாயகத்துக்கு உரியது. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். பிறகு நான் தபால் இலாகாவில் சேர்ந்து சென்னைக்குப் போனேன். அவன் ஆழ்வார்குறிச்சியில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றான். எனக்குப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். பாக்கியத்தை முதலில் பார்த்தவனே அவன்தான். “லே, கொடுத்து வச்சவம்லே நீ” என்று கல்யாணப் பந்தலிலேயே கத்தி, என் அப்பாவிடம் திட்டு வாங்கினான். அந்தப் பாக்கியம் 1993 ஆகஸ்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அன்றைக்கே அவனுக்குத் தந்தி கொடுத்தேன். அவன் வரவில்லை. கடிதமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் பெட்டியில் போட்ட கார்டு மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்துவிடும் என்பது முப்பத்தைந்து வருடம் தபாலோடு கிடந்த எனக்குத் தெரியாதா? ஆறு மாதம் பொறுத்தேன். பிப்ரவரி கடைசியில் கார்டு ஒன்று வந்தது. எழுதியது அவன் இல்லை, அவன் மனைவி கோமதி. ‘அவர்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒரு நடை வந்துவிட்டுப் போகவும்.’ இவ்வளவே. பாக்கியத்தைப் பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை.

ஜங்ஷனிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு மேல் கிளம்பிய செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம். எனக்கு அவசரம் இல்லை. டவுண், பேட்டை தாண்டியதும் இரு பக்கமும் வயல். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று வண்டி நின்று நின்று போனது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், அப்பள வியாபாரி. மடியில் ஒரு கூடை, அதன் மேல் துண்டு. என் வெள்ளை வேட்டியையும் சாத்துக்குடிப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணாச்சி எங்கன போறீய?”

“ஆழ்வார்குறிச்சிக்கு.”

“நல்ல காரியமா, துட்டியா?”

இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். ரயிலில் முன்பின் தெரியாத ஆளிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு சாதாரணமாகக் கேட்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“ரெண்டும் இல்ல. கூட்டாளிக்கு மேலுக்குச் சரியில்ல. பாத்துட்டு வரலாம்னு.”

“அப்பம் சரி. உள்ள நுழையும்போதே சிரிச்ச முகமாப் போங்க. இப்படி உம்முனு போகாதீய” என்றார் அவர். கல்லிடைக்குறிச்சியில் இறங்கும்போது ஒரு கட்டு அப்பளத்தை என் பையில் செருகிவிட்டு, எவ்வளவு சொல்லியும் காசு வாங்காமல் போய்விட்டார்.

அடுத்து ஆற்றுப் பாலம். மாசி மாதமென்றாலும் தாமிரபரணியில் இடுப்பளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. டீ ஒன்றரை ரூபாய். சென்னை டீயைவிடப் பால் அதிகம்.

மதியம் ஒரு மணி சுமாருக்கு ஆழ்வார்குறிச்சி. மேற்கே மலை இத்தனை பக்கத்தில் நிற்பது ஒவ்வொரு முறையும் எனக்கு மறந்துபோகும். பிளாட்பாரத்தில் இறங்கி நான்கு பேர்தான் நின்றோம். பின்னால் யாரோ இரண்டு முறை கை தட்டினார்கள். திரும்பினால் நாயகம்.

பாதியாக இருந்தான். கழுத்தைச் சுற்றிக் குழந்தைகளுக்குக் கட்டுவது போல ஈரத் துணி ஒன்று தொங்கியது. தோளில் வழக்கமான துண்டு. கையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மரச்சட்டம் போட்ட சிலேட்டு. சட்டத்தில் நூல் கட்டிக் குச்சியும், ஈரப் பஞ்சும் தொங்கின. குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆபரேஷன் என்றால் ஏதோ கட்டியைக் கீறி எடுத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். விடுதியின் மாடியில் நின்று ‘ஏலே’ என்று ஒரு குரல் கொடுத்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் பந்து விளையாடுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் இனி இல்லை.

ஆனால் என் மனத்தைச் சொல்ல வேண்டுமே. பரிதாபம் வந்த அதே நிமிடத்தில் கோபமும் அப்படியே இருந்தது. ஏனென்றால், அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிலேட்டில் ‘வா’ என்று ஒற்றை எழுத்துகூட எழுதவில்லை. என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டு வாசலில் கோமதி நின்றிருந்தாள். அவளும் ‘வாங்க’ சொல்லவில்லை. “அண்ணாச்சி, கால் கழுவிக்கிடுங்க” என்று வாளியையும் செம்பையும் காட்டினாள். முப்பது வருடமாகப் போய் வந்த வீடு. தெருமுனையில் என் தலை தெரிந்தாலே ‘வாங்க, வாங்க’ என்று அடுத்த வீடுவரை கேட்கும்படி கூப்பிடுகிறவள். நான் காலைக் கழுவிக்கொண்டே, மாலை வண்டிக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். திரும்பும் டிக்கெட் திங்கட்கிழமைக்கு எடுத்திருந்தது.

சாப்பாடு அதைவிட மோசம். ரசம், பருப்புத் துவையல், மோர். அப்பளக் கட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டாள், பொரிக்கவில்லை. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் விருந்தாளிக்கு இப்படி இலை போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சீக்கிரம் கிளம்பு என்று. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். நாயகம் எதிரே உட்கார்ந்து குழைந்த சோற்றை மெல்ல மெல்ல விழுங்கினான். இடையில் இருமல் வந்தது. இருமல் வாய்வழியே வரவில்லை, கழுத்துத் துணிக்குள்ளிருந்து வந்தது. அவன் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தான். நான் துவையலைப் பார்த்தேன்.

அன்று முழுவதும் சிலேட்டில் பேசினோம். என் பென்ஷன், அவன் மகன் பம்பாயில் வாங்கிய வீடு, கடனாநதியில் தண்ணீர் வற்றிவிட்டது, இப்படி. பாக்கியத்தின் பெயரைத் தவிர எல்லாம் எழுதினான். நான் இரண்டு முறை “பாக்கியம் இருந்தப்ப” என்று தொடங்கினேன். இரண்டு முறையும் பஞ்சை எடுத்துச் சிலேட்டை அழுத்தித் துடைத்துவிட்டு வேறு எழுதினான். கோமதி அறையைவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லூர்து சார் வந்தார். நாயகத்தோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். உவரிப் பக்கம் கடற்கரைக் கிராமத்துக்காரர், வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். தினமும் ஐந்து மணிக்கு வந்து ஆறரைக்குப் போவாராம். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, நாயகத்தின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

“வே நாயகம், இன்னைக்குப் பேப்பர்ல தாமிரபரணியைப் பத்தி ஒரு சங்கதி வந்திருக்கு. அது கேரளாவுல இருந்துல்லா வருதாம். எனக்கு இம்புட்டு நாள் தெரியாது பாரும்.”

நாயகம் நிமிர்ந்தான். குச்சியை எடுத்து வேகமாக எழுதி, சிலேட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். ‘பொதிகையில வே! எட்டாங்கிளாஸ் பய சொல்லுவான்!’

“பொதிகை எங்கன இருக்கு? கேரளாவுலதான?”

சிலேட்டு துடைக்கப்பட்டது. மலை வரைந்தான், எல்லைக்கோடு போட்டான், ஆறு புறப்படும் இடத்தைக் குத்திக் காட்டினான். காது சிவந்துவிட்டது. லூர்து சார் விடவில்லை. “அப்பம் காவேரி?” என்றார். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. குச்சி இரண்டு முறை உடைந்தது. இதென்ன மனிதர், நோயாளியை இப்படியா வதைப்பது என்று எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும்போது அவரோடு தெருவரை நடந்தேன். “சார், அவன்கிட்ட கொஞ்சம் பைய பேசக்கூடாதா?” என்று கேட்டேவிட்டேன்.

அவர் நின்றார். “ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல எல்லாரும் பையத்தான் பேசினாவ. அவன் சிலேட்டைத் தொடவே இல்ல. சுவத்தப் பாத்துக்கிட்டுக் கிடப்பான். ஒரு நாள் நான் என்னமோ ஞாபகப் பெசகா இமயமலை உயரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன். எந்திரிச்சு உக்காந்து எழுதினான் பாரும்! அன்னையிலிருந்து தினம் ஒரு தப்பு தயார் பண்ணிக்கிட்டு வாரேன். எனக்கும் சரக்கு தீந்துபோச்சு வே, அட்லஸ் வாங்கிவச்சுப் படிக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“உம்மகிட்ட சொல்லியிருக்க மாட்டான். அடுத்த மாசம் திரும்பத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போறான். இன்னொரு கட்டி தட்டுப்படுதுன்னு சொல்லியிருக்காவ. அதான் உம்மைப் பாக்கணும், பாக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னான்.”

அவர் போனபிறகு வாய்க்கால் பாலத்தில் சற்று நேரம் நின்றேன். சென்னையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கேள்வியை இனி எப்படிக் கேட்பது? மறுபடியும் கத்திக்குக் கழுத்தை நீட்டப் போகிறவனிடம் ‘ஏம்லே வரல’ என்று சண்டை போட முடியாது. போடாமல் ஊர் திரும்பவும் முடியாது. பாக்கியத்துக்காக ஒரு வார்த்தை எழுத அவனுக்கு ஒரு நிமிடம் போதும். தாமிரபரணிக்காக ஒரு மணி நேரம் எழுதுகிறான். அந்த ஆற்றாமையோடுதான் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் அம்பாஸிடர் கார் நின்றது. ஓட்டுபவர் இசக்கி, நாற்பது வயதிருக்கும், நாயகத்தின் பழைய மாணவர். ‘பாபநாசம்’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினான் நாயகம். சரி, ஊர் சுற்றிக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கோமதி ஒரு பையைக் கொண்டுவந்து காரில் வைத்தாள். உள்ளே இரண்டு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு பித்தளைச் செம்பு. “காப்பி வேண்டாமா?” என்று கேட்டேன். “வந்து குடிக்கலாம் அண்ணாச்சி” என்றாள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிறார்களே என்று அதையும் மனத்துக்குள் கணக்கில் சேர்த்தேன்.

அம்பாசமுத்திரம் போய், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும் என்றார் இசக்கி. பஞ்சாலை வாசலில் காலை ஷிப்டுக்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் இசக்கி மட்டும் பேசினார்.

“சார் எனக்கு மேப்புல ஆத்துக்குக் கலர் அடிக்கச் சொல்லிக் குடுத்தாவ. இன்னைக்கும் எங்கயும் வண்டி ஓட்டுவேன், வழி கேக்கமாட்டேன்.”

நாயகம் பின்னாலிருந்து அவர் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தான்.

ஏழு மணிக்குக் கோயில் வாசல். எதிரே படித்துறை. மலையைவிட்டு அப்போதுதான் இறங்கிய தண்ணீர், பாறைகளுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. பொரிக்காகப் படிவரை வந்து வாயைத் திறக்கும் மீன்கள். கரையோரம் யார் யாரோ களைந்து விட்டுப்போன பழைய துணிகள். படிக்கட்டுக்கும் பொரி விற்கும் கிழவருக்கும் நடுவே குரங்குகள். கல்லூரி நாட்களில் சைக்கிளில் வந்து, அதோ அந்தப் பாறையிலிருந்து நாயகம் தலைகீழாகக் குதிப்பான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன். அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

அவன் சிலேட்டை இசக்கியிடம் கொடுத்துவிட்டிருந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். செருப்பைக் கழற்றினான். எனக்கு நேரே இரண்டு படி கீழே வந்து நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கை மேலே தெரிய என் முன்னால் நீட்டினான். தலை குனிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் துட்டி கேட்பது இப்படித்தான். வாயால் ஒன்றும் கேட்பதில்லை. இழவு வீட்டு வாசலில் வரிசையாக நிற்பவர்கள் முன்னால் கையை நீட்டுவோம், அவர்கள் தொடுவார்கள். முடிந்தது. முப்பத்தைந்து வருடச் சென்னை வாசத்தில் இது எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் கைகளைப் பார்த்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. துட்டி கேட்காமல் ‘வா’ சொல்லக்கூடாது. அது முடியாமல் விருந்து வைக்கக்கூடாது, செத்தவர் பேச்சையும் எடுக்கக்கூடாது. நான் வந்து இறங்கியதோ வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் கேட்கமாட்டார்கள், சனிக்கிழமையும் கேட்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், இழவு விழாத வீட்டுக்குள் வைத்து அடுத்த வீட்டுத் துட்டியைக் கேட்கக்கூடாது. என் வீட்டுப் படியேறி வந்து கேட்கவேண்டும், அதற்கு அவன் உடம்பு இடம் கொடுக்கவில்லை. தன் வீட்டில் வைத்துக் கேட்க வழியில்லை. அதனால் இரண்டு பேர் வீடும் இல்லாத இந்த ஆற்றங்கரைக்கு என்னைக் கூட்டி வந்திருக்கிறான். நானோ ரசத்தையும் துவையலையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் கைகளின் மேல் என் கைகளை வைத்தேன். நான் அழுதேன். சென்னையில் பாக்கியத்தைக் கொண்டுபோன அன்றுகூட நான் இப்படி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடவும், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவுமே பொழுது போய்விட்டது. இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. நாயகமும் அழுதான். சத்தமே இல்லை, கழுத்துத் துணி மட்டும் ஏறி இறங்கியது.

பிறகு கையை விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டான். அதுவும் முறைதான். துட்டி கேட்டவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து, மூன்று நாளாகத் திட்டியதற்கெல்லாம் மனத்துக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கால் மணி நேரம் கழித்து இசக்கி செம்போடு வந்தார்.

“அண்ணாச்சி, சார் குளிக்கணும். அந்தப் படியில இருக்காவ. தனியா எறங்க விடக்கூடாதுன்னு கோமதி அக்கா சொல்லி விட்டிருக்காவ. கழுத்துல ஓட்டை இருக்குல்லா, தண்ணி உள்ள போயிட்டா ஆபத்து. நான் ஊத்துதேன்னாலும் கேக்கமாட்டேங்காவ. உங்களத்தான் கைகாட்டுதாவ.”

துட்டி கேட்டால் குளிக்க வேண்டும். பாறையிலிருந்து தலைகீழாகக் குதித்தவன் முழங்காலளவுத் தண்ணீரில், கடைசிப் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்துத் துணிக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினேன். ஒரு கையால் அவன் மார்புக்கு மேலே அணை போட்டுக்கொண்டு, மறு கையால் முதுகில் ஊற்றினேன். விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. தலைக்கு ஊற்றக்கூடாது, ஈரக் கையால் தடவிவிட்டேன். மீன்கள் எங்கள் இரண்டு பேர் காலையும் வித்தியாசம் பார்க்காமல் கடித்தன. ஒரு செம்பு குளிர்ந்த நீர் தோளில் விழுந்ததும் அவன் சிலிர்த்துக்கொண்டு, குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தான். பழைய நாயகம்.

நானும் முழுகி எழுந்தேன். உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு கரையேறினோம். அவன் இசக்கியிடமிருந்து சிலேட்டை வாங்கினான். நிதானமாக எழுதி, முகமெல்லாம் சிரிப்பாக என் முன்னால் நீட்டினான்.

‘எப்பம்லே வந்த?’

“இப்பந்தாம்லே” என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பி வந்தபோது மணி பத்து. கோமதி வாசலிலேயே காத்திருந்தாள். “வாங்க அண்ணாச்சி, வாங்க, வாங்க!” அடுத்த வீட்டு நாய் குரைத்தது. காப்பி வந்தது. மதியம் வாழையிலையில் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம், கல்லிடைக்குறிச்சி அப்பளம். தேங்காய்ப் பாலில் பருப்பும் காய்களும் போட்டு எலுமிச்சை பிழிகிற அந்தச் சொதி, எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பது. பரிமாறும்போதுதான் கோமதி சொன்னாள்.

“உங்க தந்தி வந்தன்னைக்கு அவியளுக்கு ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள். பக்கத்து வீட்டுக்காரங்க திருவனந்தபுரத்துக்கே கொண்டாந்து குடுத்தாவ. நான்தான் மறைச்சு வச்சேன் அண்ணாச்சி. ஒரு மாசம் கழிச்சுச் சொன்னேன். ரெண்டு நாளு சாப்பிடல. மெட்ராஸுக்குப் போணும்னு ஒரே அடம், டாக்டர் விடமாட்டேன்னுட்டாரு. ‘ஒரு கார்டாவது போடுங்க’ன்னேன். துட்டிய யாராவது கார்டுல கேப்பாங்களா, கையை நீட்டித்தான் கேக்கணும்னு எழுதிக் காட்டுனாவ.”

தபால் இலாகாக்காரன் என்ற என் கர்வம் அந்த இலையில் கரைந்தது. நாயகம் சிலேட்டை எடுத்தான். ‘பாக்கியம் சொதி இதவிட நல்லாருக்கும். இவகிட்ட சொல்லாத.’ கோமதி அதை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன், நானே சொல்லுவேனே” என்றாள். பிறகு சாயங்காலம்வரை பாக்கியத்தைப் பற்றித்தான் பேசினோம். அவளை முதன்முதலில் பார்த்த அன்று என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று எனக்கே நினைவில்லை. அவன் எழுதினான், ‘கத்தரிப்பூ.’ ஐந்து மணிக்கு வந்த லூர்து சார் அன்று தப்பு எதையும் அவிழ்த்துவிடவில்லை. பாயசம் குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பாசஞ்சர். சென்னையில் என் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. நல்ல மனிதர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அவர்கள் வந்துபோன பிறகும் என் வீட்டில் துக்கம் அப்படியே கிடந்தது. அதை ஆற்றில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான் தெரியவில்லை.

வண்டி வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். “போய்ட்டு வாரேன்லே” என்றேன். “போய்ட்டு வாரேன், போய்ட்டு வாரேன்” என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். முகத்தில் திருவனந்தபுரம் வந்து உட்கார்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. குச்சி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

விசில் ஊதினார்கள். சட்டென்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

“ஒண்ணு கேக்க மறந்துட்டேம்லே. பாக்கியம் சொதிக்குப் புளிதான ஊத்துவா?”

அவன் கண் விரிந்தது. சொதிக்குப் புளியா! சிலேட்டைத் தூக்கி, நடந்துகொண்டே எழுத ஆரம்பித்தான். வண்டி நகர்ந்தது. சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான், சட்டம் முட்ட எழுதியிருந்தது. பிறகு அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினான், மறுபடி தூக்கினான். என் கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

“அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல வந்து படிச்சுக்கிடுதேன், அழிக்காம வச்சிரு” என்று கத்தினேன்.